சைவக் கடையின் பின்பக்கம்

சென்ற வாரம் வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் தங்கினேன். கதவின் உட்புறத்தில் ‘அறைக்குள் சமைக்கக் கூடாது’ என்று ஒரு மட்டை தொங்கியது. அதைப் படித்துக்கொண்டு நிற்கும்போதே பக்கத்து அறையிலிருந்து மீன் பொரிக்கும் மணம் வந்தது. யாரோ மின்னடுப்பை ஒளித்து வைத்திருக்கிறார். முறைப்பாடு செய்யத் தோன்றவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அந்த மணம் அடங்கும்வரை ஊர்காவற்றுறையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே துறையடிக்குப் போகும் தெருவில் இரண்டு மாடியில் ஒரு ஹோட்டல் இருந்தது. கீழே சைவச் சாப்பாட்டுக் கடை, மேலே வரிசையாக அறைகள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களும், காரைநகர்ப் படகு ஓடாத நாளில் அகப்பட்டவர்களும் தங்குவார்களாம். சண்டை வந்தபோது முதலாளி எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போனார். முதலில் கொழும்பு, பிறகு கனடா. நான் பார்த்தபோது பூட்டுகளும் இல்லை, கதவுகளும் இல்லை. எப்படியோ கூரை மட்டும் தப்பியிருந்தது.

சமாதான காலம் என்று நாங்கள் சொல்வோமே, அந்தச் சில வருடங்கள். நான் யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றுக்குத் தீவுப்பகுதிச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பியவர்களைப் பற்றி நிறைய எழுதினேன். திரும்பி வந்தும் வீடில்லாதவர்களைப் பற்றி ஒரே ஒரு முறை எழுதினேன். அவர்கள் பஸ் தரிப்பிடத்திலும் கோயில் மண்டபத்திலும் துறையடிக் கொட்டிலிலும் படுத்தார்கள். சொந்தக் காணி இல்லாததால் வீட்டுத்திட்டம் அவர்களுக்கு இல்லை. தனியாட்களாக இருந்ததால் குடும்பக் கணக்கிலும் வரவில்லை. அதைப் படித்த பங்குத்தந்தை, “எழுதினது காணும், வந்து வேலையைப் பாரும்” என்றார். அந்த ஹோட்டலை இவர்களுக்கு வீடாக்க அவர் ஒரு குழு அமைத்திருந்தார். பேனா பிடித்த நான் சீமெந்து மூட்டைக்குக் காவல் இருக்கத் தொடங்கியது அப்படித்தான்.

முதலாளி கனடாவிலிருந்து தொலைபேசியில் சம்மதம் சொன்னார். “தம்பி, வாடகை வேண்டாம். சனம் இருக்கட்டும். ஆனா மீன், இறைச்சி, ஒரு மச்சமும் உள்ளுக்கை வரக்கூடாது. அப்பு திறந்த கடை.” அப்பு என்றது தகப்பனை.

பாதர் உடனே ஓம் என்றார். நானும் தலையாட்டினேன். வரப்போகிறவர்களில் பாதிப்பேர் கடலில் பிழைத்தவர்கள் என்பது கூரையைக் கண்ட சந்தோஷத்தில் எங்கள் இருவருக்கும் மறந்துபோனது.

ஹோட்டல் அறை விட்டுப்போகிறவர்களுக்காகக் கட்டப்படுவது. சட்டி வைக்கத் தட்டு இருக்காது, படம் மாட்ட ஆணி இருக்காது. நாங்கள் தட்டுப் போட்டோம், ஆணி அடித்தோம். வடை வைத்த கண்ணாடி அலுமாரி மருந்துப் போத்தல்களுக்கு ஆனது. கதவு மாட்டிப் பூட்டுப் போட்டு, ஆளுக்கொரு திறப்பும் கொடுத்தோம். புளியங்கூடல் செல்வராணி அக்கா, பிள்ளைகள் இல்லாத விதவை, கிணற்றடிக்குப் போகும்போதும் கதவைப் பூட்டுவார்.

“உள்ளுக்கை அப்பிடி என்னக்கா இருக்கு?”

“பாய்” என்றார். திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு, “என்ரை பாய்.”

மரியநாயகம் அண்ணைக்கு மூலை அறை. மீன்பிடிகாரர். மனைவி வன்னியில் இடம்பெயர்ந்திருந்தபோது இறந்துவிட்டார். முதல் நாளே கடலிலிருந்து மீனோடு வந்தவரிடம் நான் நிபந்தனையைச் சொன்னேன்.

“நனையாமப் படுக்கிறதுக்கு நான் மரக்கறி தின்ன வேணுமோ?”

கொல்லையில் மூன்று கல் வைத்துச் சமைத்தார். மாரி தொடங்க அடுப்பு நனைந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய துறையடிக் கொட்டிலுக்கே போனார். முதலில் சாப்பாட்டுக்கு மட்டும், பிறகு படுக்கவும். அறை பூட்டியபடி கிடந்தது. குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. பஸ் தரிப்பிடத்தில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். “மாரி முடியட்டும். அதுக்குள்ளை அவர் வராட்டி அறையை வேறை ஆளுக்குக் குடுப்பம்” என்று பாதர் சொல்லிவிட்டார். அண்ணையிடம் போய்ச் சொன்னேன். “குடுங்கோ” என்றார். ஆனால் கழுத்தில் தொங்கிய திறப்பைக் கழற்றித் தரவில்லை.

அந்த மாரியில்தான் முதலாளி ஊர் பார்க்க வந்தார். தடித்த குளிர்ச் சட்டையைத் தேவையில்லாமல் கையில் மடித்துப் பிடித்திருந்தார். ஒரு நாள் இங்கே தங்க ஆசை என்றார். வெறுமையாக இருந்தது அந்த மூலை அறைதான். திறப்புக்காக இருவரும் துறையடிக்கு நடந்தோம்.

கொட்டில் நிறையப் புகை. சட்டியில் ஒட்டி மீன் கொதித்துக்கொண்டிருந்தது.

“அறையை ஒரு நாளைக்குத் தருவீரோ?” என்று முதலாளி கேட்டார்.

அண்ணை நிமிர்ந்தார். “கட்டடம் ஆற்றை?”

“என்ரை.”

“பிறகென்னத்துக்கு என்னட்டைக் கேக்கிறியள்?”

“திறப்பு உம்மட்டை இருக்கு.”

அண்ணைக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். பலகையைத் துடைத்து, இருக்கச் சொன்னார். “கனடாவிலை உங்கடை வீட்டிலையும் மச்சம் இல்லையோ?”

“நான் தொடுறேல்லை. பிள்ளையள் தின்னுதுகள். சமையல் ஒரே குசினியிலைதான்.”

“அப்ப அங்கை ஏலும், இஞ்சை ஏலாது. நல்ல ஞாயம்.”

நான் நிலத்தைப் பார்த்தேன். முதலாளி கோபிக்கவில்லை. “அங்கை என்ரை சொல்லை ஆர் கேக்கினம்? அப்புவின்ரை சொல்லு இஞ்சை மட்டுந்தான் நிக்குது.”

அண்ணை விறகைத் தள்ளினார். “பிடிச்ச மீனைப் பிடிச்ச அண்டே சமைக்கோணும் எண்டு மனிசி நிப்பாள். எனக்கும் மிஞ்சினது அதுதான் ஐயா.” திறப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை முதலாளி என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்ப் பின்சுவரைக் காட்டினார். “இதோடை சாய்ச்சு ஒரு பத்தி இறக்கும். தகரம் போடும். சுவருக்கு அங்காலை எண்டால் அது அப்புவின்ரை கடை இல்லை.”

தகரம் போட்ட கிழமையே அண்ணை திரும்பி வந்தார். நாங்கள் பார்த்துப் பார்த்து மேசை போட்ட சாப்பாட்டு அறை அதன்பின் தூசி பிடித்தது. எல்லோரும் பத்திக்குள்தான். சைவக்காரி செல்வராணி அக்காவும் உள்ளே தானே சமைத்த சோற்றுக் கோப்பையோடு வந்து அதன் வாசலில் குந்துவார்.

“நாத்தம் பிடிச்ச மனுசன்.”

“அப்ப உள்ளுக்கை போய் இருமன்.”

“உள்ளுக்கை ஆர் இருக்கினம்?”

பிறகு மறுபடியும் சண்டை. பாதை பூட்டியது, கடலுக்கும் தடை வந்தது. அண்ணை பருப்பைப் பத்திக்குள் அவித்தார். “இப்ப நீங்களும் சைவந்தானே அண்ணை, உள்ளுக்கையே சமைக்கலாம்” என்று அக்கா பகிடி விட்டார். அண்ணை சிரிக்கவில்லை. அடுப்பை மாற்றவும் இல்லை.

ஒரு நாள் முதலாளி தொலைபேசியில் வந்தார். உள்ளுக்கை மச்சம் வருதோ என்ற வழக்கமான கேள்விக்குக் காத்திருந்தேன். “கடல் பூட்டாம். மரியநாயகம் என்ன தின்னுறார்?”

“பருப்பு, ஐயா.”

“கருவாடெண்டாலும் கிடைக்காதோ?” என்றார், வாழ்நாளில் மீனைத் தொடாத மனிதர்.

கிடைக்கவில்லை. நான் கப்பலேறிக் கொழும்புக்கு வந்துவிட்டேன். அண்ணை கடல் திறப்பதற்குமுன் இறந்துபோனார். முதலாளி கனடாவில் இறக்க, மகன் கட்டடத்தை விற்றார். இருந்தவர்கள் கிடைத்த இடங்களுக்குப் போனார்கள்.

சண்டை முடிந்தபின் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அது மறுபடியும் ஹோட்டல். வாசல் பலகையில் நண்டுக் கறி என்று எழுதியிருந்தது. பத்தி இருந்த இடத்தில் சுற்றுலா வந்தவர்களின் வான்கள் நின்றன. தெருவில் நின்ற ஒருவரிடம் செல்வராணி அக்காவைப் பற்றி விசாரித்தேன். புளியங்கூடலில் ஒன்றுவிட்ட தம்பி வீட்டின் பின் அறையில் இருக்கிறாராம்.

“தன்ரை பாட்டிலை சமைக்கிறாவோ?”

இதுவும் ஒரு கேள்வியா என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். “அவ ஏன் சமைக்க வேணும்? அவையள் குடுக்கினம்தானே.”