பெயருக்கு முன்னால் ஒரு சொல்

2023 ஜூலை 30. கட்டணம் ரூ. 7,080. மதிப்பெண் 131.
2024 ஜனவரி 20. கட்டணம் ரூ. 7,080. மதிப்பெண் 144.
2024 ஜூலை 6. கட்டணம் ரூ. 6,195. மதிப்பெண் 148.

முந்நூறுக்கு நூற்றைம்பது எடுத்தால் தேர்ச்சி. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தத் தேர்வில் தேறிப் பதிவும் பெறாமல், இங்கே ஒரு காய்ச்சல் மாத்திரைகூட எழுதித் தர முடியாது. கிர்கிஸ்தானில் ஆறு வருடம் படித்துவிட்டு வந்த மெஹ்ரின், மூன்றாம் முறை இரண்டு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டாள். முடிவு வந்த மறுநாள் காலை பஸ்ஸில் மலையேறி, செம்மேட்டில் இருந்த அத்தா சிராஜுதீனின் மிளகுக் கடையைத் திறந்து, தராசுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

வீடு அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில். அங்கே இருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் துக்கம் விசாரிப்பார்கள். கடையில் அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை இருந்தது. அதன் பெயர் தனபால்.

நாலு கடை தள்ளி மெடிக்கல் வைத்திருந்தவர் தனபால். மருந்துக் கடைதான், ஆனால் பின்னால் ஓர் அறையும் கட்டிலும் குளுக்கோஸ் ஏற்றும் கம்பியும் உண்டு. படிப்பு பத்தாம் வகுப்பு.

"ஏனுங்க டாக்டரம்மா, மிளகு எடை போடவா அத்தன தூரம் பிளேன்ல போய்ப் படிச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். "நம்ம கிளினிக்குப் போர்டுல உங்க பேரு இருந்தாப் போதும். காலைல வந்து செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க. ஊசியெல்லாம் பசங்க போட்டுக்குவாங்க."

"நான் இன்னும் பாஸாகலீங்க."

"மலையில எவன் வந்து மார்க் ஷீட்டக் கேக்கறான்?"

"நான் கேப்பனுங்க," என்றாள் மெஹ்ரின். "கடைய மறைக்காதீங்க, வெளிச்சம் வரட்டும்."

தனபாலை விரட்டுவது சுலபம். மலைக்குள் இருக்கும் திருப்புலி நாட்டு ஊரிலிருந்து மிளகு கொண்டுவரும் ராசாமணியை அப்படி விரட்ட முடியவில்லை. அவள் ஒருநாள் மூட்டையோடு பேத்தியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு உடம்பு கொதித்தது.

"கண்ணு, ஒரு மாத்திர குடு சாமி."

"நான் குடுக்கக் கூடாதுங்கம்மா. ஜீப் நிக்குது, டிரைவரண்ணன் கூட்டிட்டுப் போவாரு. சுகாதார நிலையத்துல காட்டுங்க, இப்பவே."

"தெரியாதா, குடுக்க மனசில்லியா?"

தெரியும். அதுதான் வேதனை. என்ன மருந்து, எத்தனை அளவு எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. மெஹ்ரின் ஜீப் பக்கமே கையைக் காட்டினாள்.

"ஆறு வருஷம் படிச்சது ஊறுகா போடறதுக்கா?" என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டிவிட்டு, ஜீப்பும் வேண்டாமென்று ராசாமணி நடந்தாள். அதற்குப் பிறகு இரண்டு சந்தைக்கு அவள் மிளகு இந்தக் கடைக்கு வரவில்லை. அன்று மாலை மெஹ்ரின் ஒரு பாடமும் படிக்கவில்லை. மறுநாள் இரண்டு பாடம் படித்தாள்.

நவம்பரில் அண்ணன் காலித்துக்கு நிக்காஹ். இந்தப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்றால் வீட்டில் ஒருவர் பெயரையும் மொட்டையாக விடுவதில்லை. பட்டமோ பதவியோ, ஒட்ட ஏதாவது வேண்டும். அச்சகத்தில், "பொண்ணு பேருக்கு என்ன போடறதுங்க?" என்று கேட்டார்கள். அவள் தந்தை சிராஜுதீன் ஒரு கணம்தான் யோசித்தார். "டாக்டர்னு போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்ததும் மெஹ்ரின் பார்த்தாள். கறுப்பு மார்க்கரை எடுத்து, ஒவ்வொரு பத்திரிகையாக அந்தச் சொல்லை அடிக்கத் தொடங்கினாள்.

"என்ன கண்ணு இது, மரியாதையாத்தான போட்டேன்?" என்றார் சிராஜுதீன்.

"வாங்காததப் போட்டுக்கிட்டா, வாங்கற அன்னைக்கு எனக்கு என்னங்க அத்தா மிச்சம்?"

காலித் மாப்பிள்ளைக் களையோடு எட்டிப் பார்த்தான். "அப்பிடின்னா எம் பேருக்குப் பின்னாடி நிக்கற டி.எம்.இ. டிப்ளமோவையும் அடிச்சிரு. ரெண்டு அரியர் இன்னும் பாக்கி."

"உன்னுத உங்க மாமனாரு அடிக்கட்டும்."

கறுப்புக் கோட்டோடுதான் பத்திரிகைகள் ஊருக்குள் போயின. சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். வந்து பிரியாணியும் சாப்பிட்டார்கள். ஆனால் கட்டு வீட்டுக்கு வரும் முன்பே சிராஜுதீன் ஒரு கைப்பிடிப் பத்திரிகையைச் செம்மேட்டுக் கடைக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார். அதில் ஒன்று தனபாலுக்குப் போயிருந்தது.

2025 ஜனவரி 12-இல் நான்காம் முறை எழுதினாள். மதிப்பெண் 167. சிராஜுதீன் கடை வாசலில் மிட்டாய் கொடுத்தார். மெஹ்ரின் முடிவு வந்த அன்றைக்கே பதிவுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள்.

மார்ச்சில் மருத்துவக் கவுன்சிலுக்கு மெஹ்ரின் மேல் ஒரு புகார் போயிற்று. பதிவு இல்லாமலே பல மாதமாகச் செம்மேட்டில் மருத்துவம் பார்க்கிறார், தன்னை டாக்டர் என்று அச்சடித்தே சொல்லிக்கொள்கிறார் என்று. கூடவே கோடு விழாத பத்திரிகையின் நகல். விசாரணை முடியும்வரை பதிவு நிற்கும். உண்மையென்றால் கிடைக்காமலே போகலாம்.

தனபால் மறுபடியும் வந்தார். இந்த முறை சிராஜுதீனிடம். "நமக்கு ஆபீசுல ஆளு இருக்குதுங்க பாய். பொண்ணு நம்ம கிளினிக்குக்கு வரேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், பேசி முடிச்சர்லாம்."

சிராஜுதீன் மகளைப் பார்த்தார். அவர் தலை ஆடப் போவது அவளுக்குத் தெரிந்தது.

"அத்தா, நாலு தடவ எழுதினது இவருக்குப் போர்டா நிக்கறதுக்கில்ல," என்றாள். பிறகு தனபால் பக்கம் திரும்பினாள். "வரட்டுமுங்க. கடை தெறந்துதான் இருக்கும்."

ஏப்ரலில் இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். பெரியவர் நகலை நீட்டினார்.

"இது உங்க பேருதானே?"

"பேரு என்னுதுங்க. முன்னால இருக்கறது அப்ப என்னுது இல்ல."

"நான்தாங்க போடச் சொன்னேன்," என்று சிராஜுதீன் முன்னால் வந்தார். "அவளுக்குத் தெரியாது."

"வைத்தியம் பாத்தீங்களா?"

"இல்லீங்க. ரோட்டுல எறங்கி யார வேணாலும் கேளுங்க. நான் கடையிலயே இருக்கறேன்."

இறங்கவே வேண்டியிருக்கவில்லை. மூட்டை இறக்க வந்த ராசாமணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவளா? வைத்தியமா?" என்று ஆரம்பித்தாள். "புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது, ஒரு மாத்திர குடுன்னு கெஞ்சினனுங்க. கல்லாட்டம் நின்னா! ஜீப்புல போ, ஆஸ்பத்திரிக்குப் போன்னு அதையே சொல்றா. இவளப் போயி டாக்டருன்னு எவன் எழுதிக் குடுத்தான்? அவன எனக்குக் காட்டுங்க!"

சின்ன அதிகாரி சிரிப்பை அடக்கக் கோப்புக்குள் முகத்தை நுழைத்தார். பெரியவர் மட்டும் நிதானமாகக் கேட்டார். "அப்பறம் புள்ளைக்கு எங்கம்மா பாத்தீங்க?"

"எங்க பாக்கறது? எல்லாரும் ஊசி போட்டுக்கற எடத்துலதானுங்க." ராசாமணி கையை நீட்டினாள். "அதா, தனபாலு கடையில. ரெண்டு ஊசி போட்டும் நிக்காம, கடைசியில சுகாதார நிலையத்துக்குத்தான் தூக்கிட்டு ஓடினேன்."

நாலு கடை தள்ளி ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அதிகாரிகள் இருவரும் எழுந்து அந்தப் பக்கம் நடந்தார்கள்.

மெஹ்ரின் ராசாமணியின் மூட்டையைத் தராசில் ஏற்றினாள். "பேத்தி எப்பிடிங்க இருக்குது?"

"அதெல்லாம் ஓடியாடிட்டு இருக்குது. உம்மேல கோவம் இன்னும் போகல, சொல்லிட்டேன்."

"இருக்கட்டுமுங்க. பதிவு வந்ததும் வந்து திட்டுங்க, பதில் சொல்றேன்."

பதிவு வந்தது. இனி ஓராண்டு அரசு மருத்துவமனையில் பயிற்சி, அதன் பிறகே முழு உரிமை. அதையும் முடித்துவிட்டு மலைக்கே வருவேன் என்று வீட்டில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டாள். புகாரில் உண்மையில்லை, பதிவு தரப்பட்டது என்ற கவுன்சில் கடிதம் பதிவுத் தபாலில் கடைக்கு வந்து, அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிய நாள் 2025 மே 21, புதன்கிழமை.