மூக்கரின் அனுபவச் சான்று

லிஃப்டின் மோட்டார் அறைக் கதவைத் திறந்ததும் அவர் எந்தக் கருவியையும் கையில் எடுக்க மாட்டார். வாசலிலேயே நின்று ஒரு தரம் மூச்சை இழுப்பார். பிரேக் உரசிக் கருகுகிறதா, எண்ணெய் கெட்டுவிட்டதா, எங்காவது வயர் சூடேறுகிறதா என்று அதிலேயே பிடிபட்டுவிடும். கூட வேலை செய்தவர்கள் கேலிக்கு வைத்த பெயர்தான் மூக்கர். வருடங்கள் போகப் போக அதில் கேலி குறைந்து, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பிழைக்கப் போன நாட்டில் அவருக்குப் பதினேழு வருடம் முடிந்திருந்தது. அங்கே கூலிக்கு வேலை செய்யும் வெளிநாட்டுக்காரருக்கு ஐம்பது வயதோடு பெர்மிட் முடியும். சொந்தக் கம்பெனி வைத்திருப்பவருக்கு அந்த வரம்பு கிடையாது. லைசென்ஸ் இருக்கும்வரை குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம். மூக்கருக்கு ஐம்பது நிறைய எட்டு மாதம் இருந்தது. மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். அங்கேயே பிறந்து அந்த நாட்டு மொழியிலேயே படித்தவள். தமிழில் அம்மாவோடு சண்டை போடுவாள், ஆனால் எழுத வராது. ஊருக்குத் திரும்பினால் அவளை எந்த வகுப்பில் உட்கார வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி ஒன்று தொடங்க லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார்.

பெயர் வைக்கும்போது வீட்டில் சிரிப்பாக இருந்தது. மகள் பெயரையே வைக்கலாம் என்றாள் மனைவி.

"என் பேரை லிஃப்ட்ல எழுதாதீங்கப்பா. உள்ள மாட்டிக்கிட்டவங்க எல்லாம் என்னைத்தான் திட்டுவாங்க."

"அப்பா பார்க்குற லிஃப்ட்ல எவன்டி மாட்டியிருக்கான்?" என்றாள் மனைவி. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஷட்டர் போட்ட சின்ன அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். மனைவி தரையைத் தேய்த்துக் கழுவினாள். பெயர்ப்பலகைக்கு அளவு எடுத்தாயிற்று. அறையின் படம், பாஸ்போர்ட் நகல், வங்கிக் கடிதம் எல்லாம் முதல் இரண்டு நடையிலேயே லைசென்ஸ் அலுவலகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டன. பாக்கி இருந்தது ஒன்றுதான். இந்தத் தொழிலில் பத்து வருட அனுபவம் இருப்பதற்குச் சான்று.

அதைப் பற்றி மூக்கர் கவலையே படவில்லை. மாதா மாதம் ஒவ்வொரு லிஃப்டுக்கும் சர்வீஸ் செய்து முடித்ததும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். கயிறு, பிரேக், கதவு, அலாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கட்டடத்துக்காரருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. மூக்கர் மட்டும் தனக்கென்று மூன்றாவதாக ஒரு நகல் வைத்துக்கொள்வார். கட்டடவாரியாகப் பிரித்து, வருடவாரியாக நூல் போட்டுக் கட்டி, ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். பதினைந்து வருடத் தாள்கள். அந்தப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் மூன்றாம் நடை போனார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் நிதானமானவள். ஒரு கட்டை அவிழ்த்து, இருபது தாளாவது புரட்டினாள். பிறகு, இதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

எங்கேயும் இல்லை. எல்லாத் தாளிலும் இருந்தது அவருடைய அக்கா வீட்டுக்காரரின் கையெழுத்து.

காரணம் எளிது. அந்தத் தாளில் அரசாங்கத்தில் பதிந்து நம்பர் வாங்கிய டெக்னீஷியன்தான் கையெழுத்துப் போடலாம். கம்பெனியில் அந்த நம்பர் டிப்ளமா படித்த மாமாவுக்கு மட்டுமே இருந்தது; நம்பர் உள்ளவருக்கு ஐம்பது வயது வரம்பும் கிடையாது. மூக்கரை அங்கே வரவழைத்தவரும் அவர்தான். நாற்பத்திரண்டு கட்டடத்துக்கும் ஒரே ஆள் மாதா மாதம் ஏறி இறங்க முடியாது. அதனால் மூக்கர் வந்த இரண்டாம் வருடமே சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து மாமா தன் கையெழுத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

"கடைசி வளைவு மேல போகணும் மாப்ள. கீழ இழுக்காத, பார்க்குறவன் என்னைக் கஞ்சன்னு நினைப்பான்."

மூன்றே நாளில் மூக்கருக்கு அது கைவந்தது. அப்புறம் மாமா மோட்டார் அறைப் பக்கம் போகவே இல்லை. இதை அங்கே யாரும் தப்பாக நினைக்கவில்லை. எல்லாக் கம்பெனியிலும் நம்பர் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. இப்படியே பழகிப்போன மூக்கருக்கு, அந்தத் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் தன் வேலைதான் தெரிந்ததே தவிர, அடியில் இருந்த பெயர் கண்ணில் படவே இல்லை.

அதனால்தான் கவுன்ட்டரில் நின்றுகொண்டு வெள்ளந்தியாகச் சொன்னார்: இது எல்லாம் நான் போட்டதுதான், வேண்டுமானால் இப்போதே போட்டுக் காட்டுகிறேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பக்கத்துக் கவுன்ட்டரை ஒரு தரம் பார்த்தாள். வேலையை நீங்கள் செய்ததாகச் சொல்கிறீர்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கையெழுத்துப் பேச்சை நான் கேட்கவில்லை என்றாள். பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினாள். கையெழுத்துப் போட்ட டெக்னீஷியனிடமிருந்து கடிதம் வேண்டும். எந்தக் கட்டடம், எந்தத் தேதி, யார் வேலை செய்தது, யார் மேற்பார்வை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பதினைந்து நாளில் வராவிட்டால் ஃபைல் சோதனைப் பிரிவுக்குப் போகும், அவர்கள் கட்டடங்களுக்கே போய் விசாரிப்பார்கள்.

விடுமுறை நாள் மதியம் மூக்கர் அக்கா வீட்டுக்குப் போனார். மாமா சோபாவில் சாய்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தேதியெல்லாம் கேக்குறாங்களா?"

"ஆமா மாமா. என் மேற்பார்வையில வேலை செஞ்சான்னு நீங்க ஒரு வரி எழுதணும். கூட ஒரு பட்டியல். பட்டியலை நானே எழுதிடறேன்."

"வருஷா வருஷம் ரெண்டு மாசம் நான் ஊர்ல இருக்கேன். அந்த ரெண்டு மாசமும் இங்க என் கையெழுத்து விழுந்திருக்கு. என் பாஸ்போர்ட்டைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தாப் போதும், கதை முடிஞ்சுது."

"அந்த ரெண்டு மாசமும் லிஃப்ட் ஓடுச்சே மாமா."

"ஓடுச்சு. நான் இல்லேன்னா சொன்னேன்? நீ எதுக்கு மாப்ள காப்பி எடுத்து வெச்சே?"

"வேலை செஞ்சதுக்கு ஒரு அத்தாட்சி வேணாமா?"

"அது எனக்கு அத்தாட்சி. உனக்கு இல்ல."

டீ கொண்டுவந்த அக்கா தட்டை வைத்துவிட்டு நின்றாள். "தம்பி, நீ திரும்பிப் போனா ஒரு பிழைப்பு பார்த்துக்குவே. இவரை உள்ள போட்டா நான் என்னடா பண்ணுவேன்?"

"கையெழுத்துப் போட்டவன் நான்க்கா. போட்டா என்னையும் சேர்த்துத்தான் போடுவாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கடிதம் கொடுத்தாலும் ஆபத்து, கொடுக்காமல் ஃபைல் சோதனைக்குப் போனாலும் ஆபத்து. மிச்சம் இருந்த வழியை மாமாவே விசாரித்து வைத்திருந்தார். விண்ணப்பத்தை வாபஸ் வாங்க ஒரு படிவம் உண்டு. அதில் காரணத்துக்கு இரண்டு கட்டம். சான்றுகளைப் பிறகு தருகிறேன் என்று குறித்தால் ஃபைல் திறந்தே இருக்கும், எவனாவது எடுத்துப் பார்க்கலாம். தகுதி இல்லை என்று குறித்தால் அன்றே மூடிவிடுவார்கள். ஆனால் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

"ரெண்டாவது கட்டம் மாப்ள," என்றார் மாமா. "பெட்டியை நான் எடுத்துக்கறேன். உன் வீட்ல இருக்க வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"அண்ணன் எழுதிக் கொடுத்தாரா?"

"இல்ல."

"உள்ளதைப் போய்ச் சொல்லிடுங்களேன். என்ன ஆயிடும்?"

"அக்கா வீட்ல அடுப்பு எரியாது."

"நம்ம வீட்ல?"

மூக்கர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டை கீழே விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினார். மறுநாள் மனைவியே போய் ஷட்டர் அறையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். எட்டு நாள் கழுவித் துடைத்த அறை, அறைக்குச் சொந்தக்காரருக்கு ஆதாயம் என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் மூக்கர் அலுவலகம் போனார். அதே பெண்தான் இருந்தாள். படிவத்தில் இரண்டாவது கட்டத்தைக் குறித்தார். அதன் கீழே விளக்கத்துக்கு இரண்டு வரி விட்டிருந்தார்கள். சொந்தக் கையால் எழுத வேண்டுமாம். எனக்கு லிஃப்ட் வேலையில் அனுபவம் இல்லை, விவரம் தெரியாமல் விண்ணப்பித்துவிட்டேன் என்று அந்த நாட்டு மொழியில் எழுதி, தன் பெயரைப் போட்டார்.

அவள் படித்தாள். முதல் கட்டத்தைக் குறித்தால் பின்னால் ஒரு வாய்ப்பு இருக்கும், தெரியுமா என்று மெதுவாகக் கேட்டாள். தெரியும் என்றார். முத்திரை விழுந்தது.

தெருவுக்கு வருவதற்குள் போன் அடித்தது. மாமா.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா."

"ரெண்டாவதுதானே?"

"ஆமா."

"நல்லது. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத மாப்ள. பாப்பா கெட்டிக்காரி, எங்க போனாலும் படிச்சுக்குவா. நாளைக்கு ஆஸ்பத்திரிக் கட்டடத்துல சர்வீஸ் இருக்கு இல்ல? நீ வேலையை முடிச்சு வை, தாள்ல கை வெக்காத. இனிமே எதுக்கு வம்பு, நானே வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

"சரி மாமா."

"மோட்டார் ரூம் எந்த மாடின்னு மட்டும் சொல்லிடு."

"பதினாலுக்கு மேல. லிஃப்ட் அதுவரைக்கும் போகாது மாமா. கடைசியில ஒரு படிக்கட்டு இருக்கும், நடந்துதான் ஏறணும்."