ரயிலில் மட்டும் ஊமை

எங்கள் சப்ரகமுவ மாகாணத்தில் ரயில் குறைவு. இரத்தினபுரிக்கும் யட்டியாந்தோட்டைக்கும் போன தண்டவாளங்களை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். மிஞ்சியிருப்பது ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை மலைக்கு ஏறும் துண்டுதான். அதையாவது ஒவ்வொரு சின்ன ஸ்டேசனிலும் நின்று நின்று போகும் ரயிலில் மனைவியோடு முழுக்கப் பார்த்துவிடுவதென்று இந்த வயதில் தீர்மானித்தேன். ஊர் பார்க்கும் ஆசை மட்டும் காரணமல்ல. ரயிலுக்குள் அவள் வாயைத் திறந்து பேசுவதை நான் கேட்க வேண்டும்.

அவள் ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு இறப்பர் மரத்தில் பால் வெட்டியவள். நானும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். படித்து ஆசிரியரானேன். அரசாங்க ஆசிரியர்களுக்கு விடுமுறையில் ரயிலில் இலவசமாகப் போக வாரண்ட் கிடைக்கும். மணமான புதிதில், என் முதல் வாரண்டில், அவளை அவிசாவளையில் ரயிலேற்றிக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். அப்போது அது குறுகிய தண்டவாளப் பாதை, பெட்டியும் ஒடுக்கம். எதிரில் இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும்.

அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. "ஏங்க, இந்தத் தோட்டத்துல யாருங்க பால் வெட்டுறது? மரத்தக் கொத்தி காயமாக்கி வச்சிருக்கானுங்க. எங்க கங்காணி பாத்தா தோல உரிச்சிருவாரு!"

அடுத்த ஸ்டேசனில் கல்வி அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் ஏறி எதிரே உட்கார்ந்தார். தமிழர், நகரத்துக்காரர், எனக்கு மேலதிகாரி. என்னிடம் சுகம் விசாரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு எந்த ஊர்?" என்றார்.

அவள் பேச வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். "அவவுக்குப் பேச்சு வராதுங்க ஐயா."

கொழும்புக் கோட்டை ஸ்டேசன் வரும்வரை அவள் பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே ரயில்ல நான் ஊமைதாங்க." வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சொன்னபடியே இருந்துவிட்டாள். அதன் பிறகு போக நேர்ந்த ஓரிரு பயணங்களிலும் கைச்சாடைதான். வருடாவருடம் வாரண்ட்கள் வீணாயின. அம்மாவுக்கு ரயில் ஒத்துக்கொள்ளாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன். அது இரண்டாவது பொய்.

கலவரமும் யுத்தமுமாக இருந்த கெட்ட காலங்களில் நம்மவர்கள் பயத்தால் ரயிலில் தமிழ் பேசாமல் இருந்ததுண்டு. அந்தப் பயத்தின் பின்னாலும் நான் சில நேரம் ஒளிந்திருக்கிறேன். ஆனால் அன்று அந்தப் பெட்டியில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. அவள் பேசினால் நான் லயத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அந்த வெட்கம்தான்.

இந்தத் தீர்மானத்துக்குப் பிறகு முதலில் பின்னவலைக்குப் போனோம். மா ஓயா ஆற்றில் யானைகள் குளித்துக்கொண்டிருந்தன. கரையில் நின்றவர்களிடமெல்லாம் அவள் சிங்களத்தில் கதைத்தாள். என்னிடம், "அந்தக் கெழட்டு யானையப் பாருங்க. உங்கள மாதிரியே, பாகன் சொல்றது காதுலயே ஏறல" என்றாள். பிறகு ரம்புக்கனையில் ரயிலேறினோம். கடிகமுவ வரை போய்த் திரும்பும்வரை ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வீட்ல கேட்டா ஆச்சா? அன்னிக்கு வீட்லயா சொன்னீங்க?"

எனக்குப் புரிந்தது. அடுத்த மாதம் மறுபடி கிளம்பினோம். இந்த முறை கடுகண்ணாவை வரை டிக்கட் எடுத்தேன். முழங்கால் வலிக்கிறது, இன்னொரு நாள் பார்ப்போம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நான் விடவில்லை.

பெட்டி நிறையச் சனம். எதிரே இருந்த சிங்களப் பெண் மிளகாய்த்தூள் போட்ட அன்னாசித் துண்டுகளை என் மனைவியிடம் நீட்டி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். என் மனைவி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். முகத்தில் அப்படியொரு அப்பாவித்தனம்.

"அனே பவ்!" என்று இரங்கினாள் அந்தப் பெண். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னேன். "இவளுக்கு நன்றாகப் பேச வரும். தோட்டத்துப் பேச்சு என்று வெட்கப்பட்டு, ரயிலில் ஒரு பெரிய மனிதரிடம் இவளை ஊமை என்று சொன்னவன் நான். நானும் லயத்தில் பிறந்தவன்தான். சொன்னது பொய்."

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அன்னாசிக்காரி, உண்மையா என்பது போல் அவளைப் பார்த்தாள். அதற்குள் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இளைஞர்கள் வழக்கம்போல 'ஹூ' என்று கூவினார்கள். வெளிச்சம் வந்தபோதும் அவள் வாய் மூடியேதான் இருந்தது. அவ்வளவுதான், இனி அவள் பேசப்போவதில்லை என்று நினைத்தேன். உட்காரத் தோன்றவில்லை.

"ஒக்காருங்க சேர்" என்றாள், பள்ளிப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவது போல. "விழுந்து தொலைச்சிராதீங்க. இன்னொரு தடவ சொல்ல ஆளு வேணும்."

ரயிலுக்குள் அவள் குரல். நான் கேட்டேன்: "இன்னொரு தடவையா?"

"பின்ன? அந்த ஐயாக்கிட்ட தமிழ்லதான சொன்னீங்க. தமிழ்ல சொல்லுங்க."

அந்தப் பெட்டியில் தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் நின்றபடியே தொடக்கத்திலிருந்து தமிழில் சொன்னேன். லயத்துத் தமிழில்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நான் ஒருநாளும் பேசாத தமிழ் அது. அன்னாசிக்காரி என் மனைவியின் கையைத் தட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். என் மனைவி ஒவ்வொரு வாக்கியத்தையும் சிங்களத்தில் சொல்லிக்கொடுத்தாள், நான் சொல்லாதவற்றையும் சேர்த்து. பலன என்ற ஸ்டேசன் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே, நான் அவளுக்குக் காட்டவேண்டுமென்று வைத்திருந்த பத்தலேகல மலை வந்து போயிற்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தாள்.