இன்ஜினுக்குத் தண்ணி காட்டியவர்

என் வீட்டுக்காரர் வேலை பார்த்தது ஒரு லிஃப்டுக்குள். பெரிய ஆஸ்பத்திரி, பழைய லிஃப்ட், மூலையில் ஒரு ஸ்டூல். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை அந்த இரும்புப் பெட்டிக்குள்ளேயே மேலே போனார், கீழே வந்தார். மனிதர் வேறு எங்கும் போகவில்லை. தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் லிஃப்ட்காரர் பெண்டாட்டி. நானும் ஒரு தையல்காரி என்பது இந்தத் தெருவுக்கு ஞாபகம் வருவதெல்லாம் துணி கிழிந்தால்தான்.

பழக்கம் அவரை விடவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் இன்றைக்கும் கதவோரம் ஒட்டி நின்று வழிவிடுவார். தூங்கும்போதுகூட முதுகு சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

அந்த லிஃப்ட் அடிக்கடி மாடிகளுக்கு நடுவே நின்றுவிடும். உள்ளே நோயாளிகள், அழுகிற சொந்தக்காரர்கள், கூடவே இவர். அப்போதெல்லாம் இவர் ஒரு தனிக் குரலில் பேசுவாராம். வீட்டில் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். "ஒண்ணும் இல்லீங்க. ஆள் வந்துட்டே இருக்காங்க. நான் கூடவேதானே இருக்கேன்." வெண்ணெய் மாதிரிக் குரல். கேட்டால் எனக்கே தூக்கம் வரும்.

"நிஜமாவே ஆள் வருமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நான் அழுத்தற மணி கீழே கேட்குதான்னே தெரியாது. உள்ளுக்குள்ள எனக்கு உதறும். அதுக்காக அவங்ககிட்டச் சொல்ல முடியுமா?" என்றார்.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும் படகு வாங்கினார். ஆமாம், படகு! வேறு யாரோ ஓட்டித் தேய்த்த பழைய படகு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் இழுவை வண்டியோடு கொண்டுவந்து நிறுத்தினார். நான் கத்தின கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்குத் தண்ணீர் என்றாலே குலை நடுங்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே எனக்கு மூச்சு முட்டும்.

"சுவர் இல்லாத இடத்துல கொஞ்ச நேரம் உட்காரணும்டி. அவ்வளவுதான்," என்றார். இழுவை வண்டிச் சக்கரம் உருளாமல் ஒரு கல்லை எடுத்து வைத்தேன்.

படகுத்துறை மெக்கானிக் ஒருநாள் வந்து எல்லாம் காட்டிக்கொடுத்தான். எந்நேரமும் கை கருப்பாக இருப்பதால் அவனை எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின் படகின் வயிற்றுக்குள் இருந்தது. அதிலிருந்து பின்பக்கமாக ஒரு கால் தண்ணீருக்குள் இறங்கும், அதன் நுனியில் விசிறி. அந்தக் காலை மூடியிருக்கும் ரப்பர் உறையில் விரிசல் விழுந்தால் படகுக்குள் தண்ணீர் ஏறும் என்றான். காலுக்குள் இருக்கும் எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம் என்றான். இன்ஜின் பக்கம் பெட்ரோல் ஆவி தேங்கி நிற்கும், அதனால் சாவியைத் திருப்புவதற்கு முன் ஊதுவிசிறியை ஓடவிட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் படகு வெடித்துவிடும் என்றான். நான் ஒவ்வொரு ஆபத்தையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இவரோ தலையாட்டி பொம்மை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கிளம்பும்போது கிரீஸ் திரும்பிப் பார்த்துச் சொன்னான். "அண்ணே, தரையில வச்சு ஸ்டார்ட் பண்ணினா இன்ஜினுக்குத் தண்ணி காட்டாம பண்ணிடாதீங்க."

பிறகு என்னிடம் பூ மாதிரி இதழ் இதழாக விரிந்த ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தைக் கொடுத்தான். "அக்கா, இது ஸ்பேர். தண்ணி இழுக்கிற பம்புக்குள்ள போடறது. அண்ணன்கிட்ட குடுத்தா தொலைச்சிடுவாரு. நீங்க வச்சுக்குங்க." அதை என் ஊசிநூல் பையில் போட்டேன். அந்தப் பை இல்லாமல் நான் வாசல்படி தாண்டுவதில்லை. குழாய் மாட்டுகிற இரண்டு ரப்பர் கிண்ணங்களையும் அவன் வைத்துவிட்டுப் போனான். எதற்கு என்று தெரியாததால் இவர் அவற்றைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டக் கொடுத்தார்.

மறுநாள் தெருவே வேடிக்கை பார்க்க இன்ஜினை ஓட்டிக் காட்டினார். அதற்கு முன்னால் குளியலறையிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் காலின் மேல் தாராளமாக ஊற்றினார்.

"தண்ணி காட்டியாச்சு!" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஊருக்கே தண்ணி காட்டுற ஆளு நீங்க. இன்ஜின் எம்மாத்திரம்?" என்றேன். தெரு சிரித்தது. இன்ஜின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை. என் தையல் மெஷினில் பெல்ட் தேயும்போது வருமே, அதே கருகல் வாடை. "ஏங்க, ரப்பர் கருகுது," என்றேன். "புதுசா ஓடினா அப்படித்தான்," என்றார். புதுசாம்! அந்த இன்ஜினுக்குக் கிட்டத்தட்ட எங்கள் கல்யாணத்தின் வயது இருக்கும்.

முதல் பயணத்துக்கு என்னையும் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் சரி என்றுவிட்டேன். மிதவைச் சட்டையை மாட்டி, வாரை இறுக்கி, இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிற்பகல் வெயில், அமைதியான தண்ணீர். முகத்துவாரத்துக்கு அருகே, அலை தடுக்கப் போட்ட பாறைச்சுவர் தெரிகிற தூரம் வரை போனோம். அவர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போதுதான் பீப் என்று ஒரு சத்தம் நிற்காமல் அடித்தது. சூடு காட்டுகிற முள் சிவப்பில் நின்றது. இன்ஜின் மூடியின் இடுக்கிலிருந்து ஆவி. அவர் சட்டென்று இன்ஜினை நிறுத்தினார்.

சத்தம் அடங்கியதும்தான் தண்ணீரின் சத்தம் கேட்டது. கடலை நோக்கி வற்றுகிற நீர் படகை மெதுவாக இழுத்துக்கொண்டு போனது, பாறைகளைப் பார்த்து.

கிரீஸுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவன் குரல் விட்டு விட்டு வந்தது.

"நங்கூரத்தப் போடுங்க! நான் படகு தேடிக்கிட்டு வர்றேன், நேரம் ஆகும். அண்ணே, தரையில ஓட்டினப்ப தண்ணி காட்டினீங்களா?"

"காட்டினேனே! ஒரு பக்கெட் முழுசா ஊத்தினேன்."

அந்தப் பக்கம் அவன் அலறினான்.

"ஐயையோ! ஊத்தறதா? மாட்டுக்குத் தண்ணி காட்டறதுன்னா மாட்டுத் தலையில ஊத்துவீங்களா? அது குடிக்கணும்ணே! அந்தக் கிண்ணத்த ரெண்டு பக்கமும் மாட்டி, குழாயத் திறந்து, ஓடற வரைக்கும் குடிச்சுக்கிட்டே இருக்கணும். பம்ப் காய்ஞ்சு சக்கரம் போயிருக்கும். அக்காகிட்ட ஸ்பேர்…" இணைப்பு அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை.

நங்கூரத்தைப் போட்டார். கயிறு விறைத்தது, பிறகு தளர்ந்தது, மறுபடி விறைத்தது. நங்கூரம் தரையைப் பிடிக்காமல் உழுதுகொண்டே வந்தது. பாறைகளின் மேல் பச்சைப் பாசி தெரிகிற அளவுக்கு நெருங்கிவிட்டோம். நான் அழ ஆரம்பித்தேன். வெட்கமெல்லாம் இல்லை, வாய்விட்டே அழுதேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் இல்லம்மா. ஆள் வந்துட்டே இருக்காங்க. நான் கூடவேதானே இருக்கேன்," என்றார்.

அந்தக் குரல்! அதே வெண்ணெய்க் குரல். ஆள் வராது என்று அவர் நினைக்கிறார், எனக்கு அது தெரிந்துபோயிற்று. அழுகை அப்படியே நின்றது.

"லிஃப்ட் வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம். மூடியத் திறங்க," என்று கத்தினேன்.

திறந்தார். பம்பின் மூடித் திருகுகளைக் கழற்றுவதற்குள் இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து பழைய சக்கரம் வந்தது. இதழ்கள் கருகி, பாதி ஒடிந்து போயிருந்தன. ஊசிநூல் பையிலிருந்து புதியதை எடுத்துக் கொடுத்தேன். அது உள்ளே போகவில்லை. ஒரு இதழை மடக்கினால் இன்னொன்று விரிந்து முட்டியது. சக்கரம் அவர் கையிலிருந்து நழுவி இன்ஜினுக்கு அடியில் விழப் பார்த்தது.

பிடுங்கி வாங்கினேன். பட்டன் ஓட்டைக்குக் காஜா போடுகிற நூலை எடுத்து, இதழ்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும்படி இறுக்கிச் சுற்றினேன். துணியில் கோடு போட வைத்திருக்கும் சோப்புத் துண்டை நனைத்து அதன் மேல் வழவழவென்று தேய்த்தேன். "இன்ஜின் எந்தப் பக்கம் சுத்தும்?" என்று கேட்டேன். காட்டினார். நல்ல வேளை, சரியாகத்தான் சாய்த்திருந்தேன். அழுத்தினேன். பாதி போனதும் நூலை வெட்டி உருவினேன். மீதியை அவர் கட்டைவிரலால் தள்ளினார். மூடியைத் திருகினார்.

சாவியில் கை வைத்தார், எடுத்துவிட்டார். ஊதுவிசிறியின் பொத்தானை அழுத்தினார்.

"இப்ப எதுக்குங்க அது?"

"மூடி திறந்து கிடந்துச்சு, பெட்ரோல் வாடை வருது. வெடிச்சா என்ன பண்றது?"

ஊதுவிசிறி ஓடியது. பாறையில் மோதித் திரும்பிய தண்ணீர் என் முகத்தில் அடித்தது. அவர் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். முதுகுக்குச் சுவர் தேடுகிறவர் மாதிரி ஒரு அடி பின்னால் வைத்தார். அவர் முதுகில் கை வைத்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க. ஆள் வந்துட்டே இருக்காங்க. நான் கூடவேதானே இருக்கேன்," என்றேன்.

சாவியைத் திருப்பினார். இருமியது, நின்றது. மறுபடி திருப்பினார். பிடித்தது. பின்பக்கம் புகையோடு தண்ணீரும் கொட்டியது. அந்தத் தண்ணீரைப் பார்த்து நான் அழுததுபோல் எங்கள் கல்யாணத்தில்கூட அழவில்லை. முள் முழுதாக இறங்கவில்லை, ஒடிந்த துண்டுகள் குழாயில் எங்கோ அடைத்திருக்க வேண்டும். ஆனாலும் சிவப்பை விட்டு இறங்கியது. நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்தோம். பாதி வழியில் கிரீஸ் ஒரு மீன்படகில் எதிரே வந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

கரையில் படகைக் கட்டின பிறகும் இருவரும் இறங்காமல் அதிலேயே உட்கார்ந்திருந்தோம். அவருடைய சூடுபட்ட விரல்களை என் முந்தானையால் சுற்றிப் பிடித்திருந்தேன்.

"நீ என் முதுகுல கை வச்சுச் சொன்னியே, அப்ப உனக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டார்.

"பாதி செத்துட்டேன்," என்றேன்.

"தெரியும்," என்றார். "அது என் குரல்தானே. கேட்டதும்தான் எனக்குப் பயம் ஜாஸ்தியாச்சு."

அதற்கு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஓய்வு பெறும் வரை எத்தனையோ பேருக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அதை யாரும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரல்களை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.