விண்வெளி விமானத்தின் பிணைச்சல்

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் நான் வேலை செய்த தொழிற்சாலையில், செய்து முடித்த பாகங்களை அளந்து கையெழுத்து வைப்பவர் எங்கள் ஊர்க்கார அண்ணை ஒருவர். எதையும் தொடுமுன் கலியாண மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். உலோகத்தில் கீறல் விழக்கூடாது.

அமெரிக்கத் தனியார் கம்பனி ஒன்று அரசாங்கப் பணத்தில் கட்டிய விண்வெளி விமானத்துக்கு இறக்கைப் பிணைச்சல்கள், அதாவது இறக்கை அசையும் கீல்கள், செய்துகொண்டிருந்தோம். திடீரென்று அரசாங்கம் பணத்தை நிறுத்தியது. விமானம் பறக்காமலே திட்டம் முடிந்தது. அன்றும் அவர் மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பிணைச்சலை மூன்று தரம் அளந்தார்.

“அண்ணை, உதை இனி ஆர் கேக்கப்போகினம்?” என்றேன்.

“ஒருத்தரும் கேக்கமாட்டினம் தம்பி. ஆனா, பறக்காததுக்கு என்ர பிணைச்சல்தான் காரணமெண்டும் ஒருத்தரும் சொல்லேலாது.”

கையெழுத்து வைத்த பிறகுதான் மோதிரத்தை மாட்டினார்.

எனக்கும் கலியாணமாகிவிட்டது. வேலைக்குப் போனதும் என் மோதிரமும் சட்டைப் பைக்குள் போய்விடுகிறது.