குறிஞ்சா தின்ற கிடாய்

1959ஆம் ஆண்டு ஆனி மாதம் 14ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். சோளகக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. கனகராயன்குளத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையின் அரிசித் தராசில் எங்கள் வேள்விக் கிடாயை ஏற்றி நிறுத்தேன். எண்பத்தொரு இறாத்தல். இருபத்துநான்கு நாட்களுக்கு முன் அதே தராசில் தொண்ணூற்றாறு.

கடைக்கு முகாமையாளன் நான்தான். தராசில் பிழை இருக்க வழியில்லை. என்றாலும் சந்தேகத்துக்கு நானும் ஏறிப் பார்த்தேன். நூற்றறுபத்தெட்டாக இருந்தவன் நூற்றெழுபத்துமூன்று.

வேள்விக்கு இன்னும் பன்னிரண்டு நாள். கோயில் வாசலில் கிடாய்களை வரிசையாக நிறுத்தி, ஆகப் பெரியதற்கு மாலை போட்டு, பிறகு எல்லாவற்றையும் வெட்டி ஏலத்தில் விற்பார்கள். மூன்று வருடமாக அந்த மாலை என் மனைவியின் தமையனுடைய கிடாய்களுக்கே விழுந்தது. இம்முறை விடுவதில்லை என்று அவள் தமையன் வீட்டிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கிடாயை வெளியே மேயவிடாமல் கிணற்றடிப் பரணில் கட்டி, கஞ்சியும் எள்ளுப் புண்ணாக்கும் பலாவிலையுமாக ஊட்டினாள். ஒரு வியாபாரி நூறு ரூபாய்க்குக் கேட்டும் கொடுக்கவில்லை.

அது மெலிந்த காரணம் ஊரில் ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

வைகாசியில் சங்கக்கடையின் நாலு படி ஏற எனக்கு மூச்சு வாங்கியது. பரியாரியார் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"ஈரல் முழுக்கக் கொழுப்பு. குறிஞ்சா இலை காலமை ஒரு பிடி, பின்னேரம் ஒரு பிடி பச்சையாய்ச் சப்பும். அந்தக் கைப்புப் போய்க் கொழுப்பைக் கரைக்கும்."

ஒரு பிடியில் அறுபது இலை இருந்தது. முதல் இலையிலேயே எனக்குக் கண்ணீர் வந்தது. மனைவி பிடுங்கித் தருவதைக் கிணற்றடியில் நின்று சப்புவதாகச் சொல்லி, மிச்சம் ஐம்பத்தொன்பதையும் கிடாய்க்கு நீட்டினேன். ஆசையாகத் தின்றது. அடுத்த பிடியிலிருந்து அறுபதும் அதற்கே. இருபத்துநான்கு நாளில் இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது இலை. பிற்பாடு கஞ்சியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இலை அதன் கொழுப்பைக் கரைத்ததா, வாய் ருசியைக் கெடுத்ததா என்பது எனக்கு இன்றுவரை தீராத கணக்கு.

"நாவூறுதான். அண்ணை போன கிழமை வந்து நிண்டு பாத்திட்டுப் போனவர்" என்றாள் மனைவி, எண்பத்தொரு இறாத்தல் என்று கேட்டதும். நாவூறு பார்ப்பவர் வந்து கிடாய்க்கு மிளகாய் சுற்றினார். அன்று பின்னேரப் பிடியை மட்டும் வாழைக்குள் எறிந்துவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். தேத்தண்ணி வந்தது.

"குறிஞ்சா சப்பினனீங்களோ?"

"ஓம், சப்பிட்டன்."

"தேத்தண்ணி எப்பிடி?"

"சீனி கூடிப்போச்சு. இரண்டரைக் கரண்டி போட்டிருக்கிறீர்."

கரண்டிக் கணக்கு மிகச் சரி. அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

"இஞ்சருங்கோ, மத்தியானம் நானும் உந்த இலையிலை நாலைச் சப்பிப் பாத்தனான். பிறகு சீனியை வாயிலை போட்டால் மணல் மாதிரிக் கிடந்தது. உங்களுக்கு மட்டும் இரண்டரைக் கரண்டி இனிக்குதோ?"

நான் பரணைப் பார்த்தேன். அவளும் பரணைப் பார்த்தாள்.

அவள் போட்ட சத்தம் வேலி தாண்டியிருக்க வேண்டும். மறுநாளே தமையன் வந்து கிடாயின் விலாவெலும்பைத் தடவிப் பார்த்தார்.

"பரியாரியார் கெட்டிக்காரன்தான் மச்சான். மருந்து நல்லா வேலை செய்திருக்கு. மாலை வேணுமெண்டால் இந்தமுறை நீரே வரிசையிலை நில்லும்."

மனைவி சிரிக்கவில்லை. இரவு பகலாக ஊட்டினாள். நாலு இறாத்தல்தான் ஏறியது. பதினொரு கிடாய்களில் எங்களுடையது ஒன்பதாவது. மாலை நாலாவது முறையும் தமையனுக்கே போனது. ஏலத்தில் எங்கள் கிடாய் அறுபத்தொரு ரூபாய்க்குப் போனது.

அடுத்த நாளிலிருந்து நாற்பத்தெட்டு நாள், அறுபதாவது இலை தொண்டைக்குள் இறங்கும்வரை எனக்கு முன்னால் நின்றாள். இனிப்புத் தெரியாத வாய்க்குச் சீனி எதற்கென்று வெறும் தேயிலைச் சாயத்தைத் தந்தாள். நான் பதினொரு இறாத்தல் குறைந்தேன்.

வியாபாரி கேட்ட விலையில் குறைந்தது முப்பத்தொன்பது ரூபாய். பரியாரியாருக்கு ஐந்து. நாவூறு பார்த்தவருக்கு இரண்டு ரூபாய் ஐம்பது சதம். சீனியில் மிச்சம் பிடித்த ஒரு ரூபாய் பதினைந்து சதத்தைக் கழித்தால், என் பதினொரு இறாத்தலுக்கு ஆன செலவு நாற்பத்தைந்து ரூபாய் முப்பத்தைந்து சதம்.