சந்தாதாரர்களுக்கு மட்டும்

என் தங்கை புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "என்ன, ஒரு பக்கமா எழுதியிருக்கீங்க?" என்று கேட்கக் கூடாது. ஒரு பக்கமாகத்தான் எழுதப்போகிறேன். அவருடைய பக்கத்தை அவரே மாதம் நான்கு வீடியோ போட்டு வாய் கிழியப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் வீட்டில் அவருக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர். வைத்தது என் கணவர். நேரில் 'மாப்பிள்ளை', முதுகுக்குப் பின்னால் ஸ்டேஷன் மாஸ்டர். உண்மையில் அவர் மின்விசிறி விற்கும் கடையில் விற்பனையாளர். குரல் மட்டும் தாராளமாக வாய்த்த மனிதர். "இந்த மாடல் சத்தமே போடாது சார்" என்று அவர் சொன்னால், தலைக்கு மேல் கடகடவென்று ஓடுகிற விசிறியின் சத்தம்கூடக் காதில் விழாது. கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள் என் திரைச்சீலைக் கடைக்கு மரியாதைக்காக வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். போன பிறகுதான் கவனித்தேன், எனக்குத் தேவையே இல்லாத இரண்டு விசிறிகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தேன். அந்தக் குரலை நம்பித்தான் என் தங்கையும் அவரைக் கட்டிக்கொண்டாள். நான் இரண்டு விசிறியோடு தப்பித்தேன்.

தங்கைக்குப் பல் கட்டும் லேபில் வேலை. டாக்டர் அனுப்புகிற அச்சை வைத்துச் செயற்கைப் பல் செய்பவள். வாயைத் திறந்து பேசுவது குறைவு. பிறர் வாய்க்குள் இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். 'எந்தப் பல்லும் முழு வெள்ளை இல்லைக்கா, அடியில கொஞ்சம் மஞ்சள், நுனியில கொஞ்சம் நீலம்' என்பாள். பிளாஸ்டர் குழைப்பது, மெழுகு சீவுவது, மயிரிழைத் தூரிகையால் நிறம் ஏற்றுவது எல்லாம் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். அடுப்புச் சுடர் பட்டு வலது கட்டைவிரலில் ஒரு தழும்பு. அதைத் தவிர அந்தக் கைகளில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பொம்மை ரயில் பைத்தியம் பிடித்தது கல்யாணமான இரண்டாம் வருஷம். பொம்மை என்றால் கோபம் வரும், 'மாடல்' என்று சொல்ல வேண்டும். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் மேசைமேல் மலையும் பாலமும் கட்டி ரயில் விடுவதை வீடியோவாகப் போடுவார்கள். சந்தா கட்டினால்தான் பார்க்கலாம். இவர் அப்படி ஐந்து பேருக்குச் சந்தா கட்டினார். மூன்று வருஷம் சோபாவில் சாய்ந்துகொண்டு, அடுத்தவன் கட்டும் பாலத்தில் இவர் குறை சொன்னார். வாங்கி வந்த தண்டவாளங்கள் பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ஒரு மரம்கூட நட்டதில்லை.

ஒரு விடுமுறை நாளில் சும்மா இருக்க முடியாமல் தங்கை லேபில் மிஞ்சிய பிளாஸ்டரில் கைப்பிடி அளவு பாறை ஒன்று செய்தாள். பல்லுக்கு ஏற்றுவதுபோல நிறம் ஏற்றினாள். அதை அவர் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுவாரம் கேமரா வந்தது. அதற்கடுத்த மாதம் இரண்டாவது அறையில் இருந்த அவளுடைய தையல் மெஷினும் துணி அலமாரியும் கூடத்துக்கு வந்தன. பின்புறத்துக்கு வானம் வேண்டும் என்றார். பன்னிரண்டு மீட்டர் வெளிர்நீலத் துணியில் நான்தான் தைத்துக் கொடுத்தேன். வானத்துக்கும் நன்றி சொல்லாத மனிதர் அவர்.

வீடியோவில் இரண்டு கைகள் மட்டும் தெரியும். அவருடைய குரல் மட்டும் கேட்கும். "இப்ப நான் இந்த விளிம்பை மெதுவா சீவுறேன் பாருங்க" என்று குரல் சொல்லும்; தங்கை சீவுவாள். முதல் வீடியோவுக்கு முன்பே அவளைக் கையுறை போடச் சொல்லிவிட்டார், லேபில் போடுகிற நீலக் கையுறை. "சுத்தமா இருக்கும்மா, பாக்கிறவங்களுக்கும் ஒரு டாக்டர் மாதிரி மரியாதை வரும்" என்றார். அவளும் நம்பினாள். மூன்று வருஷத்தில் எண்ணூறு சொச்சம் பேர் சந்தா கட்டினார்கள். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நீலக்கை மாஸ்டர்'. 'உங்கள் விரல்களில் தெய்வம் குடியிருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அதை அச்செடுத்து அந்த அறைச் சுவரில் ஒட்டிவைத்தார். வெட்கம் என்பது ஒரு மனிதனுக்கு மருந்துக்காவது இருக்க வேண்டும்.

தங்கை அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன், அதனால் தெரியும்.

"ஏங்க, ஒரே ஒரு வீடியோ கையுறை இல்லாம பண்றேனே? இது என் கைன்னு நீங்களே சொல்லிடுங்க."

"இப்ப வேணாம்மா. ஆளுங்க குழம்பிடுவாங்க. நேரம் பாத்து நானே சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொல்றேன்ல?"

அந்த 'சொல்றேன்' கிணற்றில் போட்ட கல். வருஷத்துக்கு ஒருமுறை கேட்டாள். மூன்று முறை அதே பதில்.

போன வருஷம் மாடல் ரயில் சங்கத்துக்காரர்கள், அவர்கள் கூட்டத்துக்கு வந்து மேடையில் ஒரு மலைச்சரிவு செய்துகாட்டும்படி அவரை அழைத்தார்கள். முழி பிதுங்கிவிட்டது. முதுகுவலி, டாக்டர் பயணம் கூடாது என்றார் என்று பூசி மெழுகி, அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீட்டிலிருந்தே நேரலை, சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று அறிவித்தார். தங்கை அன்று மறுபடியும் கேட்டாள். "நேரலையில சொல்லிடுறேன், கடைசியில. சத்தியமா" என்றார். தங்கையின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வானத்துத் துணி கசங்கியிருக்கிறது, இஸ்திரி போட வேண்டும் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். போன இடத்தில் லேப்டாப் முன்னால் உட்காரவைத்துவிட்டார். இரண்டு கேமரா. ஒன்று அறையின் இந்தக் கோடியில், ரயிலை ஓட்டுகிற கன்ட்ரோலர் முன்னால் உட்காரும் அவர் முகத்துக்கு. இன்னொன்று அந்தக் கோடியில், தங்கையின் கைகளுக்கு. லேப்டாப்பில் மூன்று பட்டன்கள்: முகம், கை, இரண்டும்.

"நான் தலையாட்டினா மாத்தணும், அவ்வளவுதான். மூணாவது பட்டன் பக்கமே போயிடாதீங்க அக்கா."

"சரி மாப்பிள்ளை" என்றேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். இந்த ரயில் எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. கன்ட்ரோலரில் எந்த நம்பரைப் போடுகிறோமோ அந்த எஞ்சின் மட்டும் ஓடும். புதிதாக ஓர் எஞ்சின் வாங்கி அதற்கு நம்பர் கொடுக்கும்போது, மற்ற எஞ்சின்களைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அவ்வளவு எஞ்சினும் அதே நம்பரை வாங்கிக்கொள்ளும். ரயில் ஆட்களுக்கு இது பால பாடம். இதை விளக்கியே அவர் இரண்டு வீடியோ போட்டிருக்கிறார். முந்தின நாள் மாலை, தங்கை லேபில் இருந்தபோது, புது எஞ்சின் வந்திருந்தது.

"மத்ததெல்லாம் எடுத்துட்டுத்தானே நம்பர் குடுத்தீங்க?" என்று காலையில் அவள் கேட்டாள்.

"எனக்கே பாடமா?" என்றார்.

நேரலை தொடங்கியது. முகம். குரல் தேனாக ஒழுகியது. கை. தங்கை கையுறையோடு பிளாஸ்டர் குழைத்து, மேசை ஓரத்துப் பாலத்துக்கு மேலே மலைச்சரிவை ஏற்றினாள். மறுபடி முகம். "இப்ப நம்ம புது எஞ்சின், நம்பர் மூணு, முதல் தடவையா கிளம்புது!" என்று குமிழைத் திருகினார்.

ஆறு எஞ்சின்களும் கிளம்பின.

ஒன்று சுரங்கத்துக்குள்ளிருந்து, இரண்டு ஸ்டேஷனிலிருந்து, மற்றவை ஷெட்டிலிருந்து. எல்லாம் முழு வேகத்தில் பாலத்துக்கு ஓடின. பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் இன்னும் போடவில்லை. மேசை முடிந்து தரைதான். அவர் விரலுக்குப் பக்கத்திலேயே சிவப்பு நிறுத்து பட்டன் இருந்தது. அழுத்த வேண்டியதுதானே? மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தார். அந்தக் கோடியில் தங்கை, ஈரப் பிளாஸ்டர் கையோடு, பாலத்திலிருந்து பாய்ந்த எஞ்சின்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

நான் மூன்றாவது பட்டனை அழுத்தினேன்.

கை தவறி அழுத்தவில்லை. நன்றாகப் பார்த்து, நிதானமாக அழுத்தினேன். திரையில் இரண்டு பெட்டி. ஒன்றில் தலையில் கைவைத்த ஸ்டேஷன் மாஸ்டர். மற்றதில் வேலை பார்க்கும் நீலக் கைகள். முதல் கேள்வி உடனே வந்தது: 'மாஸ்டர், உங்க கை ரெண்டும் தலையில இருக்கே, அப்ப அது யாரோட கை?' அதற்கடியில் அதே கேள்வி இருபது முப்பது.

எஞ்சினை எல்லாம் பிடித்து முடித்து, தங்கை அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இதைவிட நல்ல நேரம் எவனுக்கு வாய்க்கும்? ஒரு வார்த்தை போதும்.

அவர் கேள்விகளைப் படித்தார். தொண்டையைச் செருமினார். "அது... நம்ம அசிஸ்டென்ட். சும்மா எடுத்துக் குடுக்க ஒரு ஆள்" என்றார்.

தங்கை கையுறையை விரல் விரலாக உருவி மேசைமேல் வைத்தாள். பிளாஸ்டர் யாருக்காகவும் காத்திருக்காது, கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். வெறுங்கையால் பாறையைச் சீவத் தொடங்கினாள். தழும்பு தெரிந்தது, நகத்தோரத்து வெள்ளைப் பொடி தெரிந்தது. பதினொரு நிமிஷம். குரல் இல்லை. அவர்கள் போட்டதிலேயே நல்ல வீடியோ அதுதான். மறுநாள் காலை அவர் அதை அழித்துவிட்டார்.

"எண்ணூறு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டே" என்று அவளிடம் கத்தினாராம். அவள் தூரிகைகளைக் கழுவித் துடைத்து, லேபுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அந்த அறை வாசற்படியைத் தாண்டவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. கேட்டால் பதில் சொல்வாள். அந்த அறை மட்டும் கிடையாது.

மூன்று வாரம் கழித்து அவர் என் கடைக்கு வந்தார். உள்ளே தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள், அவருக்குத் தெரியாது.

"நீங்க சொன்னா கேப்பா அக்கா. கையுறை வேணாம், ஒண்ணும் வேணாம். வரச் சொல்லுங்க."

தங்கை வெளியே வந்தாள். "வர்றேன். அன்னைக்கு யார் முன்னாடி சொன்னீங்களோ, அவங்க முன்னாடியே முதல்ல சொல்லிடுங்க."

அவர் விழித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே விழித்தார். "என்னன்னு சொல்லணும்?" என்றார்.

என் கையில் அளவுகோல் இருந்தது. எப்படிப் பொறுத்துக்கொண்டேனோ தெரியவில்லை. தங்கை "ஒண்ணுமில்ல, போங்க" என்று மறுபடி உள்ளே போனாள். அவர் போகும்போது அண்ணாந்து பார்த்து, "இந்த ஃபேனுக்கு பேரிங் மாத்தணும் அக்கா" என்றார்.

இப்போது அவரே வீடியோ செய்கிறார். மீந்த கையுறைகளையே போட்டுக்கொள்கிறார். அவள் அளவு, கட்டைவிரலில் கிழிந்து தொங்குகிறது. பாதிப் பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். நான் அந்த நேரலைக்குப் பிறகுதான் சேர்ந்தேன். அவர் திணறுவதைக் கண்குளிரப் பார்க்கத்தான். சனிக்கிழமை மத்தியானம் லேபிலிருந்து நேராகத் தங்கையும் கடைக்கு வந்துவிடுகிறாள். இருவரும் பார்ப்போம். பொடியில் தண்ணீரை ஊற்றிக் கட்டி கட்டியாக அவர் குழைப்பதைப் பார்த்து நான் சிரிப்பேன். அவள் சிரித்ததில்லை.

"அந்த பட்டனை நான் வேணும்னேதான் அழுத்தினேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா. நீ அழுத்தலைன்னா, கடைசியில சொல்லியிருப்பார்னு நினைச்சுக்கிட்டே இருந்திருப்பேன்."

அதோடு தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். போன சனிக்கிழமை, அவர் கட்டிய மலை பாதியில் விரிசல்விட்டு விழுந்ததும், வயிறு நிறையச் சிரித்துவிட்டு லேப்டாப்பை மூடப் போனேன். "இரு, முடியலை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடியோவின் கடைசியில் அவர் நன்றி சொல்கிற பகுதி. இவ்வளவு நாளும் நான் அதற்கு முன்பே எழுந்து போய்விடுவேன். பசை விற்கிறவருக்கு நன்றி சொன்னார். பேட்டரிக் கடைக்காரருக்குச் சொன்னார். முதல் வருஷத்துச் சந்தாதாரர்களுக்குச் சொன்னார். திரை கறுத்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் சந்தா இந்த மாசத்தோட முடியுதுல்ல?" என்று கேட்டாள், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே. "அடுத்த மாசத்துக்கும் கட்டிடுக்கா."

காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கட்டிவிட்டேன்.